கூத்து காத்திருக்காது: ஆவணப்படத்துக்கு கேம்கார்டரா, மிரர்லெஸ் கேமராவா?

முதல் ஆவணப்படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு யாராவது சட்டென்று ஒரு மாடல் பெயரைச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகிற விஷயம் உங்களுக்காக நின்று காத்திருக்குமா, இல்லை தன் போக்கில் போய்க்கொண்டே இருக்குமா? கேம்கார்டர், மிரர்லெஸ் என்ற இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வியே பாதி வழி கொண்டுபோய் விட்டுவிடும்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, ஆற்காடு பக்கத்து ஊர்களில் கோடை காலத்தில் நடக்கும் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடியத் தெருக்கூத்து. இடையில் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. வேஷம் கட்டியவர் ஐம்பது அறுபது அடிக் கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. எட்டு மணி நேர இரவு, மண்டையைப் பிளக்கும் வெயில், கிட்டே போக முடியாத உயரம், பல திசையிலிருந்து வரும் சத்தம், இரண்டாம் முறை நடக்காத தருணங்கள் என்று ஆவணப்படம் எடுப்பவருக்கு வரக்கூடிய சோதனை எல்லாம் இந்த ஒரு திருவிழாவுக்குள் இருக்கிறது.

இரண்டு கேமராக்களும் எங்கிருந்து வந்தன

கேம்கார்டர் வீடியோவுக்கென்றே செய்யப்பட்ட கருவி. பொதுவாக அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. அகலமான காட்சியிலிருந்து தொலைவில் இருக்கும் முகம் வரை ஒரே ஜூம் லென்ஸ் பார்த்துக்கொள்ளும். விரலுக்கு அடியில் ஜூம் பொத்தான், மேலே கைப்பிடி, அதில் இரண்டு பெரிய மைக் துளைகள், பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், வெயிலுக்காக உள்ளேயே ஃபில்டர் என்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கல்யாண வீடுகளில் தோளில் வைத்து எடுப்பார்களே, அந்தப் பெரிய கேமராவும் இந்தக் குடும்பம்தான். தொலைக்காட்சி நிருபர்கள் கையில் வைத்திருப்பதும் இதுதான்.

மிரர்லெஸ், ஃபோட்டோ கேமராவின் வாரிசு; பழைய டிஎஸ்எல்ஆர் ஃபோட்டோ கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடி இதில் இல்லாததால் இந்தப் பெயர். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 என்ற டிஎஸ்எல்ஆர் வந்தபோது, பெரிய சென்சாரில் (லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் சில்லு) ஃபுல் ஹெச்டி வீடியோ எடுக்கலாம் என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு ஷாட் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடாது. பின்னால் வந்த பல கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றன. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்க வரி போட்டதால், உற்பத்தியாளர்கள் அப்படி ஒரு வேலி போட்டார்கள். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் அந்த வேலி இல்லை. என்றாலும் பழைய மாடலை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடிப்படையான வேறுபாடு சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸின் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகையில் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. நல்ல கேம்கார்டர்களில் இருக்கும் ஒரு இஞ்ச் வகை சென்சார், பெயர் அப்படி இருந்தாலும், 13.2-க்கு 8.8 மட்டுமே. மலிவான கேம்கார்டர்களில் இன்னும் சிறியது. பரப்பளவில் கணக்கிட்டால் ஃபுல் ஃபிரேம், ஒரு இஞ்சைப் போல ஏழு மடங்குக்கு மேல். சிறிய சென்சார் இருப்பதால்தான் கேம்கார்டரில் அவ்வளவு நீளமான ஜூமை ஒரு கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருக்க முடிகிறது. பெரிய சென்சார் இருப்பதால்தான் மிரர்லெஸ் இருட்டிலும் தாக்குப்பிடிக்கிறது. ஒன்றின் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனத்துக்கும் காரணம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கம்பத்தின் உச்சியில் ஒரு முகம்

அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் காத்திருக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். உங்களுக்கு இரண்டு படம் வேண்டும்: கூட்டம் முழுவதும் தெரியும் அகலமான காட்சி, மேலே இருப்பவரின் முகம். இரண்டுக்கும் நடுவே சில விநாடிகள்தான் கிடைக்கும். கூட்ட நெரிசலில் இடம் மாறவும் முடியாது.

சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90 என்ற கேம்கார்டரை உதாரணமாகப் பார்க்கலாம். 2017-இல் வந்தது, சுமார் ஒரு கிலோ எடை. ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொன்னால் அதன் லென்ஸ் 29 மி.மீ.யிலிருந்து 348 மி.மீ. வரை போகும் (எண் சிறியதானால் காட்சி அகலம், பெரியதானால் தொலைவில் இருப்பது கிட்டே வரும்). அதற்குப் பின்னால் 2024-இல் வந்த இசட்200-இல் 24-லிருந்து 480 வரை. ஜூம் பொத்தானை அழுத்தினால் மூன்று நான்கு விநாடியில் கூட்டத்திலிருந்து முகத்துக்கு வந்துவிடலாம்.

இதையே ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸில் செய்ய, ஒரு 24-70 லென்ஸும் ஒரு 100-400 லென்ஸும் வேண்டும். இரண்டாவது மட்டுமே பல மாடல்களில் ஒரு கிலோவைத் தாண்டும். புழுதியில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் எலுமிச்சம்பழம் விழுந்து முடிந்திருக்கும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. வீடியோவுக்காகச் செய்த ஜூம் லென்ஸ்கள் ஜூம் செய்யும்போது ஃபோகஸை இழக்காதபடி அமைந்தவை. முழுக்க உள்ளே ஜூம் செய்து முகத்தில் ஃபோகஸ் வைத்து, பிறகு வெளியே வந்தால் அது அப்படியே நிற்கும். ஃபோட்டோ லென்ஸ்கள் பலவற்றில் ஜூம் வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் நழுவும். ஆட்டோ ஃபோகஸ் அதைப் பின்னாலேயே ஓடிப் பிடிக்கும், ஆனால் அந்த ஓட்டம் படத்தில் தெரியும். கையால் திருப்பும் ஜூம் சீராகவும் இருக்காது.

கூர்மையின் ஆழத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரியது), இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரை எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். மூக்கும் கண்ணும் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். அதே சட்டகத்தை ஒரு இஞ்ச் கேம்கார்டரில் எடுத்தால் கால் மீட்டர் ஆழம் கிடைக்கும். பின்னணி மங்கிய படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சதங்கை கட்டி, சுழன்று, இரண்டு அடி முன்னும் பின்னுமாகப் பாய்கிற கட்டியக்காரனை, அதாவது கூத்தின் கோமாளியை, ஆறு சென்டிமீட்டருக்குள் எப்படிப் பிடிப்பது? முகத்தைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் இன்று மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முகம் முழுக்க அரிதாரமும், தலையில் பெரிய கிரீடமும், தோளில் புஜக்கீர்த்தியும் வந்துவிட்டால் அது தடுமாறலாம். ஓடுகிற நிகழ்வில் எல்லாம் கூர்மையாகத் தெரிவதே பாதுகாப்பு.

வேஷம் கட்டும் இடம்

இப்போது மேடைக்குப் பின்னால் போவோம். இரவு எட்டு மணி. ஒரு பள்ளிக்கூட அறையோ, தென்னங்கீற்று மறைப்போ, ஒரே ஒரு பல்பு. தரையில் உட்கார்ந்து, கையளவு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தில் சிவப்பைத் தடவி நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரத்துக்கு முன் வயலில் இருந்து வந்தவர். இன்னும் இரண்டு மணி நேரத்தில் துரியோதனன்.

இந்த இடத்தில் எனக்கு மிரர்லெஸ் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போதும். அந்த ஒற்றை பல்பின் வெளிச்சத்தைக் கெடுக்காமல், கூடுதல் விளக்கு எதுவும் வைக்காமல் படம் வரும். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒளி இரட்டிப்பாவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். ஏழு மடங்கு பெரிய சென்சார் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் லாபம். லென்ஸ் எஃப் 2.8-க்குப் பதில் எஃப் 1.8 என்றால் இன்னும் ஒன்றேகால் ஸ்டாப் லாபம். ஆக நான்கு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பதினாறு மடங்குக்கும் அதிகம். கேம்கார்டரில் அதே அறையை எடுத்தால் நிழல் பகுதி எல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஜூம் செய்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இசட்90 போன்றவற்றில் லென்ஸின் திறப்பு தொலைவு முனையில் எஃப் 4.5-ஆகக் குறைந்துவிடும்.

நிறத்திலும் மிரர்லெஸ் முந்துகிறது. இசட்90-இல் 4கே எடுத்தால் 8 பிட் நிறம்தான்; பிட் குறைந்தால் நிறத்தின் படிகளும் குறையும். இன்றைய நடுத்தர மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் 4கே-யிலேயே 10 பிட் கிடைக்கிறது. எடிட்டிங்கில் நிழலைத் தூக்கவோ, மஞ்சள் பல்பின் சாயலைச் சரிசெய்யவோ போகும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 8 பிட் படத்தை அதிகம் இழுத்தால் இரவு வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

இன்னொரு வேறுபாட்டை கேமராவின் எந்த விவரப் பட்டியலிலும் போட்டிருக்க மாட்டார்கள். சிறிய மிரர்லெஸ்ஸைக் கண்டால் ஜனங்கள் "ஃபோட்டோ எடுக்கிறாங்க" என்று நினைத்துக் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு, அப்புறம் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கைப்பிடியும் மைக்கும் வைத்த கேம்கார்டரைக் கண்டால் "எந்த டிவி?" என்ற கேள்வி வரும். பேட்டி கொடுக்கிற தோரணை வந்துவிடும். வேஷம் கட்டும் அறையில் அந்தத் தோரணை வேண்டாம். பிரசங்கம் நடக்கும் பந்தலில் அதே தோரணை உங்களுக்கு முன்வரிசையில் ஒரு இடத்தை வாங்கித் தரும்.

படுகளத்து வெயில்

கடைசி நாள் காலை. ஊர் வெளியில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பீமன் வேஷம் சுற்றி வருகிறது, திரௌபதி கூந்தல் முடியப் போகிறாள். பத்து மணிக்கெல்லாம் வெயில் உச்சத்துக்கு வந்துவிடும்.

தொடக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாமலே போகும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஃபோட்டோவில் வெயில் அதிகமானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடலாம். வீடியோவில் அப்படிச் செய்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கிறோம் என்றால் ஷட்டர் 1/50 விநாடியில் இருப்பதே கண்ணுக்கு இயல்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டின் கீழேயும் 1/50 வைத்தால் படம் துடிக்காது. 1/60 வைத்தால் திரையில் பட்டை ஓடும். ஆக ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டோம்.

பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் சரியான வெளிச்சத்துக்கு லென்ஸின் திறப்பான அபர்ச்சரை எஃப் 22 அளவுக்கு மூட வேண்டும். நமக்கு எஃப் 2.8 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் ஒளியைத் தடுக்க வேண்டும், அதாவது 64-இல் ஒரு பங்கு மட்டும் உள்ளே வர வேண்டும். அதைச் செய்யும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். இசட்90-இல் 1/4, 1/16, 1/64 என்று மூன்று அளவில் உள்ளேயே இருக்கிறது, ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். இசட்200-இல் அதுவே மின்னணு முறையில் படிப்படியில்லாமல் கூடிக் குறைகிறது. வெயிலில் இருந்து பந்தலுக்குள் நடந்து போகும்போது ஒரே ஷாட்டில் சமாளித்துவிடலாம்.

மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. சினிமாவுக்கென்று வந்த சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 ஆகியவற்றிலும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் திருகும் என்டி ஃபில்டரை வாங்கி மாட்ட வேண்டும். ஒவ்வொரு லென்ஸின் வாய் அளவும் வேறு என்பதால் பெரியதாக ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு வளையம் போட்டுக்கொள்வது சிக்கனம். திருப்பினால் கூடிக் குறையும் மலிவான ஃபில்டர்களில் அகலமான காட்சியின் நடுவே எக்ஸ் போல ஒரு கறை விழும், நிறமும் பச்சையாகவோ மஞ்சளாகவோ சாயும். இதில் காசு பார்க்காதீர்கள். எடிட்டிங்கில் நிறத்தைச் சரிசெய்வதற்காக வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடும். எஃப்எக்ஸ்30-இல் சோனியின் எஸ்-லாக்3 என்ற லாக் முறையின் அடிப்படை ஐஎஸ்ஓ 800. அப்படியென்றால் மேலே சொன்ன ஆறு ஸ்டாப்போடு இன்னும் மூன்று சேர்ந்து ஒன்பது ஸ்டாப் ஃபில்டர் வேண்டும். முதல் படத்தில் லாக் வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண நிற முறையிலேயே வெளிச்சத்தைச் சரியாக வைக்கப் பழகுங்கள்.

வெயிலின் இன்னொரு தொல்லை சூடு. கச்சிதமான உடலுக்குள் பெரிய சென்சார் நெடுநேரம் ஓடினால் வெப்பம் வெளியேற வழி இருக்காது. 2020-இல் வந்த கேனான் ஆர்5 இந்தச் சூட்டுப் பிரச்சினைக்காகவே நிறையப் பேசப்பட்டது. பேனசோனிக் எஸ்5 மார்க் 2, எஃப்எக்ஸ்30 போன்றவை உள்ளேயே விசிறி வைத்து இதைச் சமாளிக்கின்றன. நீண்ட நிகழ்வுகளை மிரர்லெஸ்ஸில் எடுக்கத் தீர்மானித்தால், சென்சாரின் அளவைக் கேட்பதற்கு முன் விசிறி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மைக் செட்காரரிடம் ஒரு வயர்

இனி ஒலி. படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேசுவது புரியவில்லை என்றால் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். கேம்கார்டருக்காக நான் வாதாடுவதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

கூத்தில் பாட்டும் வசனமும் மேடைக்கு முன்னால் தொங்கும் மைக்குகளில் விழுந்து ஆம்ப்ளிஃபையர் வழியாகக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போகிறது. மைக் செட்காரரிடம் மரியாதையாகப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, அவருடைய கருவியின் லைன் அவுட்டிலிருந்து ஒரு வயர் எடுத்துவிட்டால் உங்களுக்குத் தெளிவான குரல் கிடைக்கும். ஆனால் அதில் கூட்டத்தின் சிரிப்பு இருக்காது, முகவீணையும் மிருதங்கமும் மைக்கின் எதிரில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான் இருக்கும். அதனால் கேமரா மேல், எதிரே இருப்பதை அதிகம் பிடிக்கும் ஒரு ஷாட்கன் மைக்கும் வேண்டும்.

கேம்கார்டரின் கைப்பிடியில் எக்ஸ்எல்ஆர் எனப்படும் அந்தப் பெரிய மைக் துளைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் லைன், மைக், மைக் 48 வோல்ட் (கேமராவே மைக்குக்கு மின்சாரம் தருவது) என்று மூன்று நிலை சுவிட்ச். ஒன்றாவது துளையில் மைக் செட் வயரைச் செருகி லைனில் வைக்கிறீர்கள். இரண்டாவதில் ஷாட்கன் மைக், 48 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழ். காதில் ஹெட்போன் மாட்டி, குமிழைத் திருகி, சத்தமான கட்டத்திலும் ஒலி அளவுகோல் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வைத்துவிட்டால் இரவு முழுவதும் இரண்டு ஒலியும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். எடிட்டிங்கில் எது வேண்டுமோ அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

மிரர்லெஸ்ஸில் இருப்பது சிறிய 3.5 மி.மீ. மைக் துளை. அது மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை எதிர்பார்க்கிறது. மைக் செட்டின் லைன் சிக்னல் அதைவிடப் பல மடங்கு வலுவானது, நேராகச் செருகினால் பதிவு முழுக்க உடைந்து கரகரக்கும். தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றில் ஹெட்போன் துளையே கிடையாது, அதனால் கரகரப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்கு வழி உண்டு. எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 ஆகியவற்றுக்கு எக்ஸ்எல்ஆர் கைப்பிடி கிடைக்கிறது. மற்ற சில கேமராக்களுக்கும் அப்படி அடாப்டர்கள் வந்துவிட்டன. இன்னும் சிக்கனமான வழி ஒரு சின்ன ரெக்கார்டர். மைக் செட் வயரை ரெக்கார்டரின் லைன் துளையில் கொடுத்துத் தனியாகப் பதிவு செய்து, கேமராவின் சொந்த மைக்கில் விழும் ஒலியை அடையாளமாக வைத்து எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் ஒட்டிவிடலாம். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டுமே ஒலி அலைகளை ஒப்பிட்டு இதைத் தானாகச் செய்யும். நன்றாக வேலை செய்யும் முறைதான். ஆனால் தனியாளாக இருக்கிறீர்கள் என்றால் கேமரா, ரெக்கார்டர், இரண்டின் பேட்டரி, இரண்டின் கார்டு என்று கவனிக்க வேண்டியவை இரண்டு மடங்காகும்.

உட்கார்ந்து எடுக்கும் பேட்டிக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஒரு காலர் மைக்கோ சிறிய வயர்லெஸ் மைக்கோ வைத்தால் 3.5 மி.மீ. துளையே போதும்.

ஒரு இரவு எத்தனை ஜிபி

எட்டு மணி நேரக் கூத்தை முழுவதும் பதிவு செய்ய வேண்டுமா என்பது தனி விவாதம். கலைஞர்களுக்கும் ஊருக்கும் அது ஓர் ஆவணமாக இருக்கும் என்பதால் ஒரு கேமராவையாவது நிறுத்தாமல் ஓட விட வேண்டும் என்று நினைக்கிறேன். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி. 50 மெகாபிட்டில் ஹெச்டி எடுத்தால் அதில் பாதி. கேம்கார்டர்களில் இரண்டு கார்டு போட்டு, ஒன்று நிறைந்ததும் பதிவு நிற்காமல் மற்றதுக்குத் தாவும்படி வைக்கலாம். தாவியதும் நிறைந்த கார்டை எடுத்துவிட்டு வேறு கார்டைச் செருகிக்கொண்டே போகலாம். இரண்டு துளை உள்ள மிரர்லெஸ்களிலும் இது உண்டு, தொடக்கநிலை மாடல்களில் ஒரே துளைதான். கார்டு வாங்கும்போது வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். விநாடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்று அதற்குப் பொருள், நூறு மெகாபிட் வீடியோவுக்கு அது தாராளம்.

பேட்டரியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கேம்கார்டருக்குப் பெரிய பேட்டரி பின்னால் மாட்டலாம், ஒன்றே பல மணி நேரம் வரும். மிரர்லெஸ்ஸின் சின்ன பேட்டரி சீக்கிரம் தீரும். யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் எடுத்துக்கொண்டே ஓடும் மாடலாகப் பார்த்து வாங்கி, பவர் பேங்கை ட்ரைபாட் காலில் கட்டிவிடுங்கள்.

கை நடுக்கத்தைக் குறைப்பதில் இரண்டுமே இன்று பரவாயில்லை. நின்ற இடத்தில் கையில் பிடித்து எடுத்தால் இரண்டும் தேறும், நடந்துகொண்டு எடுத்தால் இரண்டும் கொஞ்சம் அலையும். ட்ரைபாடை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது

நீங்கள் எடுக்கப்போவது கூத்து, ஜல்லிக்கட்டு, போராட்டம், ஊர்வலம், கிராம சபை மாதிரி தன் போக்கில் நடக்கும் விஷயங்கள் என்றால், தனியாளாகவும் போகிறீர்கள் என்றால், ஒரு இஞ்ச் சென்சார் உள்ள கேம்கார்டரை எடுங்கள். படம் கொஞ்சம் "டிவி மாதிரி" இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். பரவாயில்லை, நடந்தது உங்களிடம் இருக்கும். கல்யாண வீடியோ எடுப்பவர்களில் நிறையப் பேர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் பழைய கேம்கார்டர்கள் இரண்டாம் கையாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது சென்சார் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தோளில் வைக்கும் பெரிய உடலுக்குள் மிகச் சின்ன சென்சார் இருக்கும் மாடல்களும் உண்டு. ஜூமை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டிப் பாருங்கள், இரண்டு மைக் துளையிலும் மைக்கைச் செருகிக் கேளுங்கள்.

ஒரு மனிதரைப் பற்றிய படம், நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைவது போன்ற ஒரு கைத்தொழில், வீட்டுக்குள் நடக்கும் வாழ்க்கை, பெரும்பாலும் பேட்டி என்றால் மிரர்லெஸ். உளி மரத்தில் இறங்குவதைத் தவறவிட்டாலும் அவர் இன்னொரு முறை இறக்குவார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிற்க உங்களுக்கு நேரம் இருக்கும். முதலில் ஏபிஎஸ்-சி போதும், ஃபுல் ஃபிரேமுக்காகக் கடன் வாங்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் இந்த வரிசையில் வாங்குங்கள்: மைக், ட்ரைபாட், என்டி ஃபில்டர், கூடுதல் பேட்டரி. இரண்டாவது லென்ஸ் அதற்கப்புறம்.

திரௌபதி அம்மன் திருவிழா மாதிரி இரண்டும் கலந்த விஷயமென்றால் இரண்டு கேமராக்களும் வேண்டியிருக்கும். ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு இன்னொன்றை வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் உண்டு, மற்ற ஊர்களில் கல்யாண வீடியோக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கேம்கார்டரை ட்ரைபாடில் மேடைக்கு எதிரே, மைக் செட் வயரோடு, நிறுத்தாமல் ஓட விடுங்கள். மிரர்லெஸ் உங்கள் கையில் இருக்கட்டும், வேஷம் கட்டும் இடத்துக்கும், பாட்டிகள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்வரிசைக்கும், விடியற்காலை டீக்கடைக்கும் அது போகும்.

அப்படிச் செய்யும்போது தொடங்குவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. இரண்டு கேமராக்களிலும் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று ஒரே மாதிரி வையுங்கள். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், கூத்து மேடை விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டிலும் கையால் வையுங்கள், இல்லையென்றால் ஒன்றில் துரியோதனன் சிவப்பாகவும் மற்றதில் ஆரஞ்சாகவும் வருவான். இரண்டின் கடிகாரத்தையும் நிமிடம் பிசகாமல் ஒன்றாக்குங்கள்; எட்டு மணி நேரக் காட்சியில் எந்தத் துண்டு எங்கே வருகிறது என்று தேட அந்த நேரக் குறிப்புதான் உதவும். மிரர்லெஸ்ஸில் ஒலி வேண்டாம் என்று மைக்கை அணைத்து வைக்காதீர்கள். கரடுமுரடாக இருந்தாலும் அந்த ஒலியை வைத்துத்தான் கேம்கார்டரின் நல்ல ஒலியோடு அதைப் பொருத்த முடியும்.